அயர்லாந்தில் ஒரே ஒரு நாள் குதிரைப் பந்தயம்: எந்தத் திடலுக்குப் போகலாம்?

டப்ளினில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் நாலாவது நாள் இந்தப் பேச்சு வந்துவிடும். கடலோரப் பாறைகளைப் பார்த்தாயிற்று, பழைய கோட்டைகளைப் பார்த்தாயிற்று. "குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நாடாமே, ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா?" என்பார்கள். போகலாம்தான். ஆனால் இந்தத் தீவில் 26 பந்தயத் திடல்கள் இருக்கின்றன, ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒன்று டிராம் பாதையை ஒட்டி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று ஆட்டு மந்தை மேயும் வெட்டவெளியில் இருக்கிறது. இன்னொன்று வருடத்தில் ஒரே ஒரு நாள், கடல் உள்வாங்கிய மணலில் முளைத்து அன்றே மறைந்துவிடுகிறது. பொருந்தாத நாளில் பொருந்தாத இடத்துக்குப் போனால் முன்னால் நிற்பவர்களின் தொப்பிகளை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியிருக்கும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. அன்றைக்கு ஏழு ஓட்டங்கள் நடந்தன, ஒரு குதிரையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் திடலைத் தேர்வது ஒரே கணக்கில்தான்: குதிரையை எவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம்? எந்தப் பந்தயம் பெரியது, எதற்குப் பரிசுத் தொகை அதிகம், எங்கே பிரபலங்கள் வருவார்கள் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். புதிதாகப் போகிறவருக்கு நினைவில் நிற்கப்போவது அந்த மிருகத்தின் உடம்பும் மூச்சும் குளம்புச் சத்தமும். அதை மனதில் வைத்துத்தான் கீழே ஒப்பிட்டிருக்கிறேன்.

இடத்துக்கு முன்னால் ஓட்டத்தின் வகையை முடிவு செய்துவிடுங்கள். கிண்டியிலோ ஊட்டியிலோ பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது சமதள ஓட்டம்: தடுப்பு எதுவும் இல்லை, வேகம் மட்டும். அது இங்கேயும் உண்டு, மார்ச் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை புல்தரையில் நடக்கும். ஆனால் அயர்லாந்துக்காரர்களுக்கு உயிர், தடை தாண்டும் ஓட்டம்தான். 1752-இல் கார்க் மாவட்டத்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு, பட்டவண்ட் ஊர் தேவாலயத்திலிருந்து டோனரெயில் ஊர் தேவாலயம் வரை, வேலி, ஓடை, கல்சுவர் எதையும் பார்க்காமல் நேராகக் குதிரை ஓட்டினார்களாம். தூரத்தில் தெரிந்த கோபுரம்தான் குறி. கோபுரத்தை நோக்கிய ஓட்டம் என்ற பொருளில் வந்த 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. இன்று தடைகளில் இரண்டு வகை. ஹர்டில் என்பது மூன்றரை அடி உயரம், இடித்தால் வளைந்து கொடுக்கும். ஃபென்ஸ் என்பது நாலரை அடிக்குக் குறையாத, கட்டிய தடுப்பு, அதில் தப்புக்கு இடமில்லை. தூரமும் இரண்டு மைலுக்குக் குறையாது. சமதள ஓட்டம் பல நேரம் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இது நாலு, ஐந்து, ஏன் ஏழு நிமிடம்கூடப் போகும், நடுவில் எதுவும் நடக்கலாம்.

எதுவும் நடக்கலாம் என்பதில் கெட்டதும் சேர்த்திதான். தடை தாண்டும் ஓட்டத்தில் குதிரைகள் விழும். பெரும்பாலும் எழுந்து, ஆள் இல்லாமலே கூட்டத்தோடு ஓடிவிடும். சில நேரம் எழாது. அப்போது ஆட்கள் ஓடிப்போய்ச் சுற்றித் திரை பிடிப்பார்கள், மைதானமே அமைதியாகிவிடும். அந்தக் காட்சியைக் குழந்தையோடு நின்று பார்க்க எனக்கு மனம் வராது. அதனால் பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் சமதள ஓட்டத்துக்கே கூட்டிப்போகிறேன். பெரியவர்கள் மட்டும் போனால் ஒருமுறையாவது தடை ஓட்டம் பார்க்க வேண்டும். அரை டன் எடையுள்ள குதிரை, தடைக்கு மூன்று எட்டு முன்னால் தன் நடையைத் தானே அளந்து மாற்றிக்கொண்டு எழும்புவதை, வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர் மறக்க மாட்டார்.

சரி, இனி இடங்கள்.

கரா: பச்சை வெட்டவெளி

எழுத்துக்கூட்டிப் படித்தால் வேறு மாதிரி வரும், உள்ளூரார் சொல்வது 'கரா'. டப்ளினுக்குத் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கில்டேர் மாவட்டத்தில் ஏறக்குறைய 5,000 ஏக்கர் பரந்த புல்வெளி. வேலி கிடையாது, மரம் குறைவு, சாலையைக் கடக்கும் செம்மறி ஆடுகளுக்காகக் கார்கள் நிற்கும். பழைய ஐரிஷ் மொழியில் இந்தப் பெயருக்கே குதிரை ஓடும் இடம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். பந்தயம் நடந்ததற்கு எழுத்துச் சான்று 1727-இலிருந்து உண்டு. அயர்லாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களும் இங்கேதான். மே மாதம் கினி என்ற பெயரில் இரண்டு பந்தயங்கள், ஜூன் கடைசியை ஒட்டி 1866-இலிருந்து ஓடிவரும் ஐரிஷ் டெர்பி, ஜூலையில் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டுமான ஓக்ஸ், செப்டம்பரில் செயின்ட் லெஜர். அந்தச் செயின்ட் லெஜரை வின்னி ரோ என்ற குதிரை 2001 முதல் 2004 வரை நான்கு வருடம் தொடர்ந்து ஜெயித்தது. கிளாசிக் பந்தயங்கள் மூன்று வயதுக் குதிரைகளுக்கானவை, ஒரு குதிரைக்கு ஒரே வாய்ப்பு. ஆனால் இந்தப் பந்தயத்தை 1983-இல் வயது முதிர்ந்த குதிரைகளுக்கும் திறந்துவிட்டதால்தான் வின்னி ரோ திரும்பத் திரும்ப வர முடிந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். 2019-இல் திறந்த புதிய பார்வையாளர் மாடம், நீண்ட செம்பு நிறக் கூரையோடு கம்பீரமாக இருக்கிறது. ஆனால் திடல் மிகப் பெரியது. குதிரைகள் எதிர்ப்பக்கம் ஓடும்போது கண்ணுக்கு எறும்புச் சாரைதான், பெரிய திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தடுப்பே இல்லாத சமவெளி என்பதால் காற்று எலும்பு வரை இறங்கும், ஜூலையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். சாதாரண நாளில் கூட்டம் குறைவாக இருப்பதால் சிலருக்கு வெறிச்சென்று தோன்றலாம்.

எனக்கோ அந்த வெறுமைதான் லாபம். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டம் இருக்கிறதே, கிண்டியில் பேடாக் என்பார்கள், அதன் கம்பியைப் பிடித்தபடி இடி படாமல் நிற்கலாம். தோலின் மினுமினுப்பு, கழுத்தில் துள்ளும் நரம்பு, கவலையில் வாலை வீசும் குதிரை, பூனை போல அமைதியாக நடக்கும் குதிரை, எல்லாம் ஒரு கை தூரத்தில். எய்டன் ஓ'பிரையன் போன்ற உலகறிந்த பயிற்சியாளர்கள் தங்கள் இரண்டு வயதுக் குதிரைகளை முதன்முதலாகக் கொண்டுவருவது இப்படிப்பட்ட சாதாரண நாட்களில்தான். அடுத்த வருட டெர்பிக் குதிரையை யாரும் கவனிக்காத ஒரு சனிக்கிழமை நீங்கள் பார்த்திருக்கலாம்.

கராவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போட இன்னொரு காரணம், சில மைல் தூரத்தில் டல்லி என்ற இடத்தில் இருக்கும் ஐரிஷ் தேசியக் குதிரைப் பண்ணை. 1900-இல் இதை ஆரம்பித்த கர்னல் ஹால் வாக்கர் ஜோதிடத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். குட்டி பிறந்ததும் அதற்கு ஜாதகம் கணிப்பார், கிரகநிலை சரியில்லை என்றால் விற்றுவிடுவார். நிலவொளியும் நட்சத்திர ஒளியும் குதிரைமேல் பட வேண்டும் என்று பொலிகுதிரை லாயங்களின் கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்தார். அந்தக் கூரைகளை இன்றும் பார்க்கலாம். என் மாமனார் அங்கே நின்று, "என்ன மாப்பிள்ளை, வெள்ளைக்காரனும் ஜாதகம் பார்த்தானா?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வாக்கர் வளர்த்த மினோரு என்ற குதிரை 1909-இல், மன்னர் ஏழாம் எட்வர்டுக்காக ஓடி, இங்கிலாந்தின் டெர்பியையே ஜெயித்தது. மினோரு என்பது அவரிடம் தோட்டம் அமைத்துக்கொடுத்த ஜப்பானியர் டாஸா எய்டாவின் மகன் பெயர். 1906 முதல் 1910 வரை எய்டா போட்ட அந்த ஜப்பானியத் தோட்டமும் அங்கேயே இருக்கிறது. பிறப்பிலிருந்து மறுமை வரை மனித வாழ்வை ஒரு நடைபாதையாக அமைத்திருக்கிறார். வசந்த காலத்தில் போனால் தாயோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டிகளைப் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில், தடை ஓட்டத்தின் பெருங்குதிரையான ஆர்க்கிளின் எலும்புக்கூடு நிற்கிறது. காலையில் பண்ணை, மதியம் பந்தயம் என்று ஒரு நாள் முழுசாக நிறைந்துவிடும்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கில்டேருக்கு ரயில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பந்தய நாட்களில் நிலையத்திலிருந்து திடலுக்குப் பேருந்து விடுகிறார்கள்.

லெப்பர்ட்ஸ்டவுன்: டிராமில் போய்வரலாம்

கையில் அரை நாள்தான் இருக்கிறது, கார் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். டப்ளினின் தெற்குப் புறநகர். செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீனில் பச்சைத் தடத்து லூவஸ் டிராமில் ஏறி, சாண்டிஃபோர்டில் இறங்கினால் பந்தய நாட்களில் அங்கிருந்து பேருந்து. பெயரில் சிறுத்தை இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அது மருவிய பெயர். மூலம் 'பைலெ நா லவர்', தொழுநோயாளிகளின் ஊர். நகரத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. 1888-இல் கேப்டன் ஜார்ஜ் குயின், லண்டனுக்கு அருகிலுள்ள சாண்டவுன் பார்க்கைப் பார்த்து இந்தத் திடலை அமைத்தார். ஃபீனிக்ஸ் பார்க் திடல் 1990-இல் மூடப்பட்ட பிறகு டப்ளினில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

இதன் நல்ல குணம் அளவு. சுற்று ஒன்றே முக்கால் மைல். மாடத்தில் நின்றால் ஓட்டம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும், பின்னணியில் மலைகள். சமதளம், தடை இரண்டு ஓட்டங்களும் நடப்பதால் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு நாள் கிடைக்கும். கோடையில் வியாழக்கிழமை மாலைப் பந்தயங்கள் உண்டு. வேலை முடிந்து நேராக வரும் ஆட்கள், கடைசி ஓட்டத்துக்குப் பிறகு பாட்டுக் கச்சேரி, பத்து மணி வரை மங்காத வெளிச்சம். விருந்தினர்களுக்கு இந்த மாலைகள் ரொம்பப் பிடிக்கின்றன. கச்சேரிக்காகவே வரும் இளைஞர் கூட்டம் பின்னால் சேர்ந்துகொள்ளும் என்பதால் பெரியவர்களோடு போனால் முதல் நாலு ஓட்டங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

பெரிய நாட்கள் மூன்று கட்டமாக வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 முதல் 29 வரை நாலு நாள் தடை ஓட்டம். பிப்ரவரி தொடக்கத்தில், 2018-இல் ஆரம்பித்த டப்ளின் ரேசிங் ஃபெஸ்டிவல். அதில்தான் ஐரிஷ் கோல்ட் கப்பும் ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலும். இந்த ஹர்டிலை இஸ்தப்ராக் நான்கு முறையும், ஹரிக்கேன் ஃபிளை 2011 முதல் 2015 வரை ஐந்து முறையும் ஜெயித்தன. ஓய்வுபெற்றதும் ஹரிக்கேன் ஃபிளை மேலே சொன்ன தேசியப் பண்ணைக்குத்தான் போனது. மூன்றாவது செப்டம்பரில், ஐரிஷ் சாம்பியன் ஸ்டேக்ஸ். சனிக்கிழமை இங்கே, ஞாயிற்றுக்கிழமை கராவில் என்று இரண்டு நாள் திருவிழா. 2001-இல் இந்தப் பந்தயத்தில் ஃபென்டாஸ்டிக் லைட் என்ற குதிரை, கலிலியோ என்ற குதிரையை ஒரு தலை தூரத்தில் முந்தியதைப் பழைய ரசிகர்கள் இன்னும் கண்முன் நடந்ததுபோலப் பேசுவார்கள்.

டிசம்பர் நாட்கள் ஊரே திரளும் நாட்கள். வேலி ஓரத்தில் இடம் பிடிக்க முதல் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். மாலை நாலரைக்குள் இருட்டிவிடும், குளிருக்கு உள்சட்டை, கம்பளித் தொப்பி, தடித்த அடி உள்ள காலணி எல்லாம் கட்டாயம்.

கால்வே: ஊர்த் திருவிழா

ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்டுக்குள் போகும் ஏழு நாள். கால்வே நகரத்துக்கு வெளியே பாலிபிரிட் மேட்டில் 1869-இல் முதன்முதலாக நடந்தபோது 40,000 பேர் வந்ததாகவும், தங்க இடம் போதாமல் நகர நடுவிலுள்ள சதுக்கத்தில் கூடாரம் போட்டதாகவும் பதிவுகள் சொல்கின்றன. இன்று வாரம் முழுவதுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வெளியூர் வேலையிலிருந்து வருகிற பிள்ளைகள், விடுப்புப் போட்டு வரும் அலுவலர்கள், டிராக்டரை நிறுத்திவிட்டு வரும் விவசாயிகள் எல்லாரும் ஒரே மேட்டில்.

பந்தயமாகவும் இது தனி ரகம். சுற்று சிறியது, ஒன்றேகால் மைல்தான். ஒரு பள்ளத்துக்குள் இறங்கும் இடத்தில் கடைசி இரண்டு தடுப்புகளும் சில எட்டு இடைவெளியில் அடுத்தடுத்து வந்துவிடும். ஒன்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது. அங்கிருந்து இலக்கு வரை நீண்ட ஏற்றம். பள்ளத்தில் முன்னால் இருந்த குதிரை ஏற்றத்தில் களைத்துப் பின்தங்குவது அடிக்கடி நடக்கும், அதனால் கடைசி வரை யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வாரத்தின் பெரிய பந்தயங்கள் இரண்டு: புதன்கிழமை கால்வே பிளேட், வியாழக்கிழமை கால்வே ஹர்டில். திடலுக்கு நடுவிலேயே இடிந்த பாலிபிரிட் கோட்டையின் கோபுரம் நிற்கும். 1979 செப்டம்பர் 30 அன்று போப் இரண்டாம் ஜான் பால் இளைஞர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றியதும் இதே மைதானத்தில்தான்.

என் கணக்கில் இதற்கு ஏன் குறைவு என்றால், புதன், வியாழன் நாட்களில் குதிரைக்கு அருகில் போவதே பெரும்பாடு. வியாழன் பெண்கள் அலங்காரப் போட்டி நாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போக ஆசை இருந்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது, குதிரை பார்க்க ஆசை இருந்தால் வேறு நாள் பாருங்கள். திங்கள், செவ்வாய் மாலைப் பந்தயங்களைத்தான் நான் சிபாரிசு செய்வேன். திருவிழாக் களை இருக்கும், நெரிசல் கொஞ்சம் குறையும். அந்த வாரத்தில் கால்வே விடுதிகளின் வாடகை தலைசுற்ற வைக்கும், மாதக்கணக்கில் முன்பதிவு செய்யாதவர்கள் டப்ளினிலிருந்து ரயிலில் போகலாம். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், மாலைப் பந்தயம் முடிந்து கடைசி ரயிலைப் பிடிக்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் அதே திடலில் செப்டம்பரிலும் அக்டோபரிலும் சிறிய பந்தயங்கள் நடக்கின்றன, அதே ஏற்றம், அதே பள்ளம், நிதானமான கூட்டம்.

லேடவுன்: கடல் விட்டுக்கொடுத்தால்

மீத் மாவட்டக் கடற்கரையில் 1868-இலிருந்து நடக்கும் மணல் பந்தயம். முறையான பந்தய விதிகளின் கீழ் கடற்கரையில் நடப்பது அயர்லாந்தில் இது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரே நாள், பெரும்பாலும் செப்டம்பரில். தேதியைக் குறிப்பது கடல்தான், ஓதம் எந்த நாளில் மதியம் நன்றாக உள்வாங்கும் என்று பார்த்துத்தான் நாள் வைக்கிறார்கள். காலையில் தண்ணீர் விலகியதும் ஆட்கள் இறங்கி மணலில் கம்பம் நட்டுத் தடம் போடுவார்கள். மேலே ஒரு சிறிய வயல்தான் மைதானம், கூடாரங்கள், குதிரை வட்டம், பந்தயக் கடைகள் எல்லாம் அதற்குள். அங்கிருந்து கீழே மணலைப் பார்க்கலாம். முன்பெல்லாம் பார்வையாளர்கள் மணலிலேயே நின்றார்கள். 1994-இல் நடந்த விபத்தில் குதிரைகள் இறந்த பிறகு விதிகளை இறுக்கினார்கள். இப்போது திருப்பம் இல்லாத நேரோட்டம் மட்டும், ஓர் ஓட்டத்துக்கு அதிகபட்சம் பத்துக் குதிரைகள்.

ஈரமணலில் குளம்புச் சத்தம் வேறு மாதிரி, பறை அடிப்பதுபோல அடங்கிக் கேட்கும். குதிரைகளுக்குப் பின்னால் கடல், வானம், ஒன்றிரண்டு படகு. வட்டம் சிறியது என்பதால் குதிரை உங்கள் தோளை உரசாத குறையாக நடக்கும். இங்கே ஓடுபவை டெர்பி தரத்துக் குதிரைகள் கிடையாது, பெரும்பாலும் உள்ளூர்ச் சிறு லாயங்களிலிருந்து வருபவை. அதனால் எந்தக் குறையும் தெரியவில்லை. நீங்கள் வரும் நாளில் இது அமைந்துவிட்டால் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே போங்கள். டப்ளின் கானலி நிலையத்திலிருந்து டிரொஹெடா பக்கம் போகும் ரயிலில் லேடவுன் நிலையம் வருகிறது, அங்கிருந்து கடற்கரைக்கு நடந்துவிடலாம்.

மற்றவை

ஃபேரிஹவுஸ், பஞ்சஸ்டவுன் இரண்டும் டப்ளினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். இரண்டுமே தடை ஓட்டத்துக்குப் பெயர்பெற்றவை. ஈஸ்டர் திங்களன்று ஃபேரிஹவுஸில் நடக்கும் ஐரிஷ் கிராண்ட் நேஷனல் 1870-இலிருந்து வருகிறது. 1964-இல் அதை ஆர்க்கிள் ஜெயித்தது. இந்த நாளுக்கு நாட்டின் வரலாற்றிலும் இடம் உண்டு: 1916-இல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி வெடித்த திங்கட்கிழமை, பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் ஊரில் இல்லாமல் இந்தப் பந்தயத்தில்தான் இருந்தார்கள். பஞ்சஸ்டவுன் ஏப்ரல் கடைசியில் ஐந்து நாள், தடை ஓட்டப் பருவத்தின் நிறைவு. மண்மேடு ஏறி இறங்கி, வயல்வெளி மாதிரி அமைத்த பாதையில் குதிரைகள் ஓடும் லா டூஷ் கப் அங்கே பார்க்க வேண்டியது, 1752-இன் அந்தக் கோபுர ஓட்டத்துக்கு இன்றைக்கு மிக நெருங்கி வருவது அதுதான். குளிர் விலகி, மண் இளகி, பகல் நீண்டிருக்கும் பருவம் என்பதால் தடை ஓட்டத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு டிசம்பர் லெப்பர்ட்ஸ்டவுனைவிட இதையே சொல்வேன்.

கெர்ரியில் சுற்றுலா போகிறவர்கள் செப்டம்பரில் லிஸ்டோவல் அறுவடைத் திருவிழாவை வழியில் பார்த்துக்கொள்ளலாம், ஆற்றங்கரையில் நடக்கும் பந்தயம் அது. வட அயர்லாந்தில் டவுன் ராயல், டவுன்பாட்ரிக் என்று இரண்டு திடல்கள் உண்டு. எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள் என்றாலும் அது பிரிட்டனைச் சேர்ந்த மண். இந்தியக் கடவுச்சீட்டில் வந்தவர்கள் தங்கள் விசா அங்கே செல்லுமா என்று பார்க்காமல் போக வேண்டாம்.

திடலுக்குள் போனபின்

சாதாரண நாளில் நுழைவுச்சீட்டு சுமார் 15 முதல் 20 யூரோ, திருவிழா நாட்களில் அதைவிட நன்றாகவே கூடும். பெரும்பாலான திடல்களில் பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உடைக்கு விதி கிடையாது, சுத்தமான சாதாரண உடை போதும். சைவக்காரர்களுக்கு சிப்ஸ், சூப், கேக் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஓட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரம் இருக்கும். பலர் அதை மதுக்கடை வரிசையில் செலவழிப்பார்கள். நீங்கள் ஒரு ஓட்டம் முடிந்ததும் ஜெயித்த குதிரை வரும் இடத்துக்குப் போங்கள். ஆவி பறக்கும் உடம்போடு அது வரும், பார்த்துக்கொள்ளும் பையனோ பெண்ணோ அழுதுகொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். பிறகு அடுத்த ஓட்டக் குதிரைகள் நடக்கும் வட்டம். பிறகு வேலி ஓரம். இந்த மூன்று இடத்துக்கும் சுற்றிச் சுற்றி நடந்தாலே நாள் போய்விடும்.

பந்தயம் கட்டாமலும் முழு நாளை ரசிக்கலாம். கட்டுவதாக இருந்தால் 18 வயது ஆகியிருக்க வேண்டும். டோட் சாளரத்தில் எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேர்ந்து, ஜெயித்தவர்களுக்குப் பிரியும், என்ன கிடைக்கும் என்பது ஓட்டம் தொடங்கிய பிறகுதான் உறுதியாகும். வெளியே வரிசையாகப் பலகை வைத்து நிற்கும் புக்கிகளிடம் விலை அப்போதே முடிவாகிவிடும். 5/1 என்று எழுதியிருந்தால் பத்து யூரோவுக்கு ஐம்பது, கூடவே உங்கள் பத்தும் திரும்பும். பக்கத்துப் பலகையில் அதே குதிரைக்கு 6/1 இருக்கலாம், ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தரையின் ஈரத்தைக் குறிக்கும் சொற்களில் 'யீல்டிங்' என்று ஒன்றை இங்கே கேட்பீர்கள். உறுதிக்கும் மென்மைக்கும் நடுவில், காலை வைத்தால் லேசாக அமுங்கும் தரை அது. மழை பெய்த வாரத்தில், அப்படிப்பட்ட தரையில் முன்பு ஜெயித்த குதிரையா என்று, அன்றைய ஓட்டங்களின் விவரம் அச்சிட்ட ரேஸ் கார்டில் பார்ப்பதுதான் இங்குள்ளவர்கள் முதலில் செய்யும் வேலை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே இழந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும் தொகையை மட்டும் தாளாக எடுத்துக்கொண்டு, அட்டையைத் தொடாதீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். இந்த நாட்டில் சூதாட்டத்தால் நொடித்துப்போன குடும்பங்கள் நிறைய, அதில் கைப்பேசியில் தொடங்கிய நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் என் அம்மாவும் சித்தியும் வருகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி, கூட்டம் ஆகாது, ஆனால் கன்றுக்குட்டியைக் கண்டால்கூட நின்று பேசுகிறவர்கள். அவர்களுக்குக் கரா என்று முடிவு செய்துவிட்டேன். டெர்பி நாளைத் தவிர்த்து ஒரு சாதாரண சனிக்கிழமை, காலை ரயிலில் கில்டேர், பண்ணையில் குட்டிகள், கையில் கொண்டுபோன புளியோதரை, இரண்டு மணிக்குத் திடல். ஐந்தாவது ஓட்டத்தோடு கிளம்பினால் கூட்டத்துக்கு முன்பே நிலையத்துக்குப் பேருந்து கிடைக்கும்.